கனகவல்லி கதைக்கு உரிமையாளர் இல்லை

கதாநாயகியின் அண்ணன் அரிவாளைத் தூக்கிக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குள் நுழையும் இடம் வரைக்கும் முனீஸ்வரி வந்துவிட்டாள். வாயாலேயே மேளமும் அடித்து, நாதஸ்வரமும் ஊதி, அண்ணன்காரனின் செருப்புச் சத்தத்தையும் போட்டாகிவிட்டது. குவைத்தில் இருந்த தங்கச்சி பாண்டிச்செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு "ம்" கொட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து போனுக்குள் மணி அடித்தது.

மணிக்குப் பின்னால் ஒரு பெண் பேசினாள். ஜவுளிக்கடை விளம்பரத்துக்குப் பேசுகிற மாதிரி அப்படி ஒரு இனிப்பு. "வணக்கம். இந்த உரையாடலில் பதிவுபெற்ற திரைப்படம் ஒன்றின் கதை வாய்வழியாகக் கசிவதாகத் தெரிகிறது. கதை சொல்வதை உடனே நிறுத்தவும். படைப்பைக் காப்போம், பண்பாட்டைக் காப்போம்." அதோடு லைன் செத்துப்போனது.

முனீஸ்வரி போனைக் காதிலிருந்து எடுத்து, அது என்னமோ கடித்துவிட்டது போலப் பார்த்தாள்.

இந்தக் கூத்து தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது. புதுப்படம் எதுவும் தியேட்டருக்கு வருமுன் திருடர்களின் தளத்துக்கு வந்துவிடுகிறது என்று சினிமாக்காரர்கள் அழுதார்கள். அவர்கள் அழுதால் அரசாங்கத்துக்குத் தாங்காது. திருட்டுத் தளங்களை மட்டும்தான் முடக்குவோம் என்றார் அமைச்சர். முடக்கினார்கள். காலையில் முடக்கிய தளம் மத்தியானம் வேறு பெயரில் சிரித்துக்கொண்டு வந்து நின்றது. சரி, படத்தை அனுப்புகிறவர்களைப் பிடிப்போம் என்றார். பிறகு பாட்டை அனுப்புகிறவர்களை என்றார். பிறகு, யார் எதை அனுப்புகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் எல்லோர் பேச்சையும் கேட்டால்தானே ஆகும் என்று ஒரு கமிட்டி கண்டுபிடித்தது. நாட்டில் ஓடுகிற ஒவ்வொரு போன் பேச்சையும் உட்கார்ந்து கேட்கிற ஒரு மிஷின் வந்தது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று மட்டும் இரண்டு மாதம் கூடிப் பேசி, 'செவிச்சுடர்' என்று வைத்தார்கள். ஜனங்கள் ஒரே நாளில் அதை 'ஒட்டுக்காது' ஆக்கிவிட்டார்கள்.

திருடர்கள் இதற்கெல்லாம் அசரவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் புதுப்படம் திருட்டுத் தளத்தில் பளிச்சென்று ஓடியது. அவர்கள் எதற்குப் போனில் பேசப் போகிறார்கள்? பேசினவர்கள் எல்லாம் முனீஸ்வரி மாதிரி ஆட்கள். ஒட்டுக்காதுக்கும் ஏதாவது வேலை வேண்டுமே. 'வாய்வழிக் கசிவு' என்று ஒரு குற்றத்தை உண்டாக்கி, பஸ்ஸில் கதை சொன்னவன், பிரசவ வார்டில் கதை சொன்னவள் என்று வளைத்துப் பிடிக்க ஆரம்பித்தது. இந்த ஆண்டு இத்தனை கசிவுகளை அடைத்தோம் என்று குடியரசு தின ஊர்வலத்தில் ஒரு வண்டி அலங்காரம் பண்ணிப் போனார்கள்.

முனீஸ்வரிக்கு அருப்புக்கோட்டை நாகலட்சுமி டாக்கீஸ் கேண்டீனில் வேலை. பெயர்தான் கேண்டீன், ஒரு ஸ்டவ், ஒரு வடைச்சட்டி, முறுக்கு டின்கள், ஒரு டீ பாய்லர். படம் இலவசம்தான், ஆனால் அவள் இதுவரை ஒரு படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. இடைவேளைக்குச் சுடச்சுடப் பருப்பு வடை வேண்டும். அதனால் கதை சூடு பிடிக்கிற நேரத்தில் அவள் எண்ணெய் காயவைக்க எழுந்து போய்விடுவாள். இடைவேளை முடிந்து கிளாஸ் கழுவிவிட்டு வரும்போது, செத்தவன் உயிரோடு இருப்பான், நல்லவன் கெட்டவனாகியிருப்பான். கடைசிக் கட்டத்தில் முதலாளி அவளை சைக்கிள் ஸ்டாண்டுக்குத் துரத்திவிடுவார், டோக்கன் வாங்க. ஆள் குறைத்துவிட்டதால் இரண்டு வேலையும் அவளுக்குத்தான். ஆக, எந்தப் படத்தின் முடிவும் அவளுக்குத் தெரியாது.

தெரியாது என்று தங்கச்சியிடம் சொல்ல முடியுமா? விட்டுப்போன இடங்களை எல்லாம் அவளே நிரப்பினாள். வடை திருப்பிக்கொண்டே ஒரு கொலை, டோக்கன் கிழித்துக்கொண்டே ஒரு கல்யாணம். பாண்டிச்செல்வி குவைத்தில் ஒரு பெரிய வீட்டில் கிழவிக்குக் குளிப்பாட்டி, ஆறு பிள்ளைகளுக்குச் சோறாக்கி, தரை துடைத்துக் கிடக்கிறவள். வெள்ளிக்கிழமை மதியம் வீட்டுக்காரர்கள் விருந்துக்குக் கிளம்பிப் போகும்போதுதான் போன் அவள் கைக்கு வரும். வாரம் பூராவும் அவள் காத்துக்கிடந்தது அந்த ஒரு மணி நேரத்துக்கும் அக்கா சொல்லும் படத்துக்கும்தான்.

அதையும் அறுத்துவிட்டால் என்ன ஆகும் என்று முனீஸ்வரிக்குத் தெரியும். அதனால்தான் விருதுநகர் செவி நிலையத்திலிருந்து வரச்சொல்லித் தகவல் வந்ததும் அன்றைக்கே பஸ் ஏறினாள்.

செவி நிலையம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. வாசலில் பெரிய பலகை: 'உங்கள் உரையாடல் உங்கள் உரிமை. அதைப் பாதுகாக்கவே நாங்கள் கேட்கிறோம்.' உள்ளே துணை ஆய்வாளர் கோமதிநாயகம் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்ட, நல்ல மரியாதையான மனுஷன். இப்படிப்பட்ட இடத்துக்கெல்லாம் இப்படிப்பட்ட மரியாதையான ஆட்களைத்தான் தேடிப்பிடித்துப் போடுவார்கள் போலிருக்கிறது.

"உக்காருங்கம்மா. தங்கச்சிக்கு மூட்டுவலி இப்ப தேவலையா?" என்றார்.

முனீஸ்வரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "ஒங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"கேட்டோம்ல."

"எல்லாத்தையுமா கேப்பீக?"

"சேச்சே. நாங்க கேக்க மாட்டோம். மிஷின்தான் கேக்கும். அது சந்தேகப்பட்டா மட்டும்தான் நாங்க கேப்போம்."

"அது எப்பப்ப சார் சந்தேகப்படும்?"

கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது எப்பவுமே சந்தேகப்படும்மா. அப்படித்தான் செஞ்சிருக்காங்க."

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. தனக்கு மாதக்கணக்கில் நிற்காமல் போன ரத்தப்போக்கைப் பற்றித் தங்கச்சியிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். டாக்டரிடம்கூடச் சொல்லக் கூச்சப்பட்டதை எல்லாம். இந்தக் கண்ணாடிக்காரர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, டீ குடித்துக்கொண்டு அதைக் கேட்டிருக்கிறார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நான் ஒரு தப்பும் பண்ணல சார். படத்தை எடுத்து அனுப்பல. வாயாலதான் சொன்னேன்."

"வாயால சொன்னாலும் கசிவுதான். முழுக்கதையும் கேட்டுட்டா உங்க தங்கச்சி அந்தப் படத்தைப் பாக்க மாட்டாங்கல்ல? தயாரிப்பாளருக்கு நஷ்டம்."

"அவ அந்த வீட்டுல வாசப்படி தாண்ட முடியாது சார். எங்கிட்டுப் போயி படம் பாப்பா?"

"அது தனி விஷயம்." அவர் மேஜையில் எதையோ தட்டினார். முனீஸ்வரியின் குரலே அறைக்குள் கேட்டது. மேளம், நாதஸ்வரம், செருப்புச் சத்தம் எல்லாம். வெட்கத்தில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இந்தப் பாதி வரைக்கும் படத்தோட பொருந்துது. ஆனா உங்க கேஸ்ல ஒரு சிக்கல். மத்த படங்களோட பின்பாதி எதுவுமே பொருந்தல. அந்த டாக்டர் படத்துல, பொண்ணு கடைசியில ஆஸ்பத்திரியக் கொளுத்துறான்னு சொல்லியிருக்கீங்க. படத்துல அவ அமெரிக்கா போறா."

"அப்படியா முடியுது?" என்றாள் முனீஸ்வரி ஏமாற்றத்தோடு.

"நடுநடுவுல 'டக்'னு ஒரு சத்தம் கேட்டிருக்குமே?"

"ஆமா. லைன் கோளாறுன்னு நெனச்சேன்."

"கோளாறு இல்ல. எந்தப் படத்தோடயும் பொருந்தாத கதையா இருந்தா மிஷின் அதை எடுத்துக் கிடங்குல வைக்கும். வைக்கிறப்ப ஒரு சத்தம் குடுக்கும். உங்களுக்குத் தெரியாம எடுக்கக் கூடாதுல்ல. வெளிப்படைத்தன்மை." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையாகவே ஒரு பெருமை இருந்தது. பிறகு குரலைத் தணித்தார். "உங்களுக்கு ஆறு வாரம் தொடர்ந்து டக் டக்னு கேட்டிருக்கும். அந்தக் கனகவல்லி கதை. அது எந்தப் படம்மா?"

அது எந்தப் படமும் இல்லை. மழையில் திரைக்குப் பின்னால் இருந்த சுவர் இடிந்து, நாகலட்சுமி டாக்கீஸ் ஒன்றரை மாதம் பூட்டிக்கிடந்த நேரம் அது. சொல்வதற்குப் படமே இல்லை. அந்த நேரத்தில்தான் பாண்டிச்செல்வி ஒரு வெள்ளிக்கிழமை, "மொட்டை மாடியில துணி காயப்போடுறப்ப கீழயே பாத்துக்கிட்டு நிக்கேன்க்கா. ரொம்ப ஒசரமெல்லாம் தெரியல," என்று சாதாரணமாகச் சொன்னாள். அவளைக் கட்டியவன் ராமர் கடனையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டுக் காணாமல் போய் வருஷக்கணக்காகிறது. அவன் கட்டிய தாலி மட்டும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. முனீஸ்வரி பதறிப்போய், வாய்க்கு வந்த முதல் பெயரைப் பிடித்துக்கொண்டு, "ஒரு படம் பாத்தேன்டி, கனகவல்லின்னு ஒருத்தி," என்று ஆரம்பித்தாள்.

கனகவல்லி ஒரு லாரி டிரைவர் பெண்டாட்டி. நாக்பூர் பக்கம் விபத்தில் புருஷன் செத்துவிட்டான் என்று ஒரு பெட்டி வருகிறது. ஆணி அடித்த பெட்டி. திறக்கக் கூடாது, பார்க்கிற நிலைமையில் இல்லை என்கிறார்கள். தாலியறுக்கப் பெண்கள் வந்து சுற்றி உட்காருகிறார்கள். கனகவல்லி மாட்டேன் என்கிறாள். "மொகத்தப் பாக்காம நான் யாருக்கு அறுக்க?" என்று கேட்டுவிட்டு, பசிக்கிறது, பழைய சோறும் சின்ன வெங்காயமும் கொண்டாருங்கள் என்கிறாள். இழவு வீட்டில் உட்கார்ந்து கடித்துக் கடித்துத் தின்கிறாள். ஊரே காறித் துப்புகிறது. அவள் அந்தத் தாலியோடேயே ஒன்பது வருஷம் ஊரோடு மல்லுக்கட்டுகிறாள். ஒவ்வொரு வெள்ளியும் முனீஸ்வரி ஓர் ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்துவாள். "அடுத்த வாரம் சொல்றேன்டி. அதுவரைக்கும் இரு." அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் அழுத்திச் சொல்வாள். ஆறாவது வாரம் பாண்டிச்செல்வி மாடியைப் பற்றிப் பேசவில்லை. கனகவல்லியைப் பற்றித்தான் பேசினாள்.

"அதையெல்லாம் கேட்டீகளா சார்? மாடியப் பத்தி அவ சொன்னதையும்?"

"கேட்டேம்மா. மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு."

"அப்ப யாருக்காவது சொல்லியிருக்கலாம்ல? எம்பஸி, கிம்பஸின்னு?"

"அதுக்கு வேற துறைம்மா," என்றார் கோமதிநாயகம்.

முனீஸ்வரி அவரையே பார்த்தாள். அந்த முகத்தில் தேடித் தேடிப் பார்த்தும் ஒரு கெட்டவன் அகப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சரி, கேஸை முடிச்சிருவோம். மிஷினுக்காக நீங்க ஒரு வாய்மொழி வாக்குமூலம் குடுத்தாப் போதும். கனகவல்லி கதை எந்தப் படத்துலேருந்து எடுத்தது? யாரு கதை அது?"

நம் ஊர்ப் பெண்களிடம், குழம்பு நன்றாக இருக்கிறதே யார் வைத்தது என்று கேட்டுப் பாருங்கள். நான்தான் வைத்தேன் என்று ஒருத்தி நிமிர்ந்து சொல்லமாட்டாள். என்னத்தக் குழம்பு, சும்மா கிடந்ததைப் போட்டு வைத்தது என்பாள். கை தட்டினால் கூசுகிற ஜாதி நாம். முனீஸ்வரியும் அப்படித்தான் வளர்ந்தாள். பெரிய ஆபீசர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, அது என் கதை என்று சொன்னால் திமிர் என்று நினைத்துவிடமாட்டாரா?

"ஐயோ, கதையெல்லாம் இல்ல சார். சும்மா வாய்க்கு வந்தது. யாருக்கும் சொந்தமில்ல," என்றாள்.

எங்கோ ஒரு 'டக்' கேட்டது. கோமதிநாயகம் எழுந்து நின்று கும்பிட்டு அனுப்பிவைத்தார். இனிமேல் படத்தில் பாதிக்கு மேல் சொல்லாதீர்கள் என்று அறிவுரையும் சொன்னார். சிரிக்கவா அழவா என்று தெரியாமல் அவள் பஸ் ஏறினாள்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகள் பழையபடி நடந்தன. முனீஸ்வரி உஷாராகிவிட்டாள். படத்தின் தொடக்கத்தைத் தொட்டுக்கொண்டு, மிச்சத்தை எல்லாம் சொந்தமாகவே சொன்னாள். காதுக்குள் டக் டக் என்று விழுந்துகொண்டே இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த வருஷம் தீபாவளிக்கு ஒரு பெரிய படம் வந்தது. போஸ்டரில் கதாநாயகி தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு தீப்பிழம்புக்கு நடுவில் நின்றாள். முனீஸ்வரி வழக்கம்போலக் கதவோரம் போய்ச் சாய்ந்து நின்றாள். ஒரு லாரி வந்தது. பெட்டி வந்தது. ஆணி அடித்த பெட்டி. அவள் கதவை விட்டு நிமிர்ந்தாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். திரையில் அந்தச் சிவத்த பொண்ணு தலையைத் தூக்கி, "முகத்தைப் பார்க்காம நான் யாருக்கு அறுக்கறது?" என்றாள். தியேட்டரே கைதட்டியது. பிறகு அவள் பழைய சோறு கேட்டாள்.

பழைய சோறும் சின்ன வெங்காயமும் முனீஸ்வரியின் அம்மா கேட்டது. அப்பா செத்த அன்றைக்கு, எல்லோரும் பார்க்க, பசிக்கிறது என்று சொல்லிக் கேட்டது. அதை அவள் உலகத்தில் ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறாள், அதுவும் கனகவல்லியின் பெயரில்.

அன்றைக்கு இடைவேளைக்கு வடை இல்லை. கடைசிக் கட்டத்தில் டோக்கன் வாங்கவும் அவள் போகவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு படத்தின் முடிவைப் பார்க்க நின்றாள். முதலாளி ராஜாமணி தேடிக்கொண்டு வந்து, "ஏம்மா, ஸ்டாண்டுல ஆளில்லாம வண்டிய மாத்தி எடுத்துட்டுப் போறானுக!" என்று கத்தினார். "போனாப் போகட்டும் மொதலாளி," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் சொன்ன கதையின் முடிவு இதுதான். ஒன்பது வருஷம் கழித்துப் புருஷன் திரும்பி வருகிறான். சாகவில்லை, வேறு எங்கோ ஒருத்தியோடு இருந்திருக்கிறான். ஊரே கனகவல்லியைக் கொண்டாடுகிறது. அவள் அவன் முகத்தை நன்றாகப் பார்க்கிறாள். பார்த்துவிட்டுத் தாலியைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைக்கிறாள். "நீ செத்துட்டன்னு அறுக்கச் சொன்னாக. அறுக்கல. இப்ப மொகத்தப் பாத்துட்டேன்ல." அவ்வளவுதான், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

படத்தில் அப்படி இல்லை. புருஷன் வந்ததும் கதாநாயகி ஓடிப்போய்க் காலில் விழுந்தாள். தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மணி அடித்தது, பூ கொட்டியது, பின்னணியில் நூறு வயலின் அழுதது. திருடினவர்கள் ஒழுங்காகவாவது திருடித் தொலைக்கக் கூடாதா? முனீஸ்வரிக்கு வந்த ஆத்திரத்தில், கையில் இருந்த முறுக்கு நொறுங்கித் தூளாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை தங்கச்சியிடம் சொல்லாமல் இருக்க எவ்வளவோ பார்த்தாள். முடியவில்லை. "செல்வி, நம்ம கனகவல்லியப் படமா எடுத்துட்டானுகடி," என்றாள்.

"என்னக்கா சொல்ற? அது ஏற்கெனவே படந்தானே?"

"இல்லடி. அது நான் சொன்னது. ஒனக்காகச் சொன்னது."

"எனக்குத் தெரியும்க்கா," என்றாள் பாண்டிச்செல்வி மெதுவாக. "அப்ப தியேட்டர் பூட்டிக் கெடக்குன்னு மொதலாளி மகளே ஸ்டேட்டஸ் போட்டிருந்துச்சு. சரி, முடிவ என்ன பண்ணியிருக்கானுக?"

"கெடுத்து வச்சிருக்கானுக. கால்ல விழுகுறா. நம்ம கனகவல்லி விழுவாளா? அவ அந்தத் தாலிய..."

மணி அடித்தது.

கோமதிநாயகம் இந்தத் தடவை வேறு அறைக்கு மாறியிருந்தார், ஆய்வாளர் ஆகிவிட்டாராம். மேஜையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வெள்ளிக் கேடயம். படத்தின் வெற்றி விழாவில் செவி நிலையத்துக்குக் கொடுத்ததாம்.

"உக்காருங்கம்மா. உங்களுக்குப் பெருமையா இல்லையா?" என்றார்.

"என் கதைய எடுத்து அவனுகளுக்குக் குடுத்தது நீங்களா சார்?"

"குடுக்கறது இல்ல, டெண்டர். கிடங்குல உரிமையாளர் இல்லாத கதை எக்கச்சக்கமாச் சேந்துபோச்சு. தயாரிப்பாளர் சங்கம் கேட்டுச்சு. திருட்டுனால நஷ்டப்பட்டவங்களுக்கு ஒரு நிவாரணமா இருக்கட்டும்னு அரசாங்கம் கொள்கை முடிவு எடுத்துச்சு."

"திருடு போனதுக்கு நிவாரணம். சரி. அதுக்கு எங்கிட்டத் திருடுவீகளா?"

"வார்த்தையப் பாத்துப் பேசுங்கம்மா." அவர் மேஜையைத் தட்டினார். முனீஸ்வரியின் குரல், கூச்சப்பட்டுச் சிரித்துக்கொண்டு, அறைக்குள் வந்தது: "ஐயோ, கதையெல்லாம் இல்ல சார். சும்மா வாய்க்கு வந்தது. யாருக்கும் சொந்தமில்ல."

அதைக் கேட்டதும் அவளுக்குத் தன் கன்னத்திலேயே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"இப்ப அது பதிவுபெற்ற படம். நீங்க சொன்ன கதை தொண்ணூறு சதவீதத்துக்கு மேல பொருந்துது. ரெண்டாவது கசிவு. என் கையில ஒண்ணும் இல்ல. ஒரு வருஷம் குரல் தடை."

"போனை எடுத்துக்குவீகளா?"

"போனெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும். குரல்தான் போகாது. எந்தப் போன்ல பேசுனாலும் மிஷின் உங்க குரலைக் கண்டுபிடிச்சு நிறுத்திரும்."

"ஒரு 'ம்'கூடவா?"

"குரல்னா எல்லாம்தான்," என்றார். பிறகு, ஆறுதல் சொல்கிற மாதிரி முன்னால் குனிந்தார். "எனக்கும் உங்க முடிவுதான் பிடிச்சிருந்துச்சும்மா. படத்துல சொதப்பிட்டாங்க. ரிலீசுக்கு முந்தின நாளே பாத்தேன், மனசே விட்டுப்போச்சு."

"முந்தின நாளேயா? எந்தத் தியேட்டர்ல?"

கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். முனீஸ்வரிக்குப் புரிந்துவிட்டது. எழுந்தவள், வாசலில் இருந்த பெரிய பலகையை நின்று ஒரு தடவை படித்தாள். வாயில் ஊறிய எச்சிலைப் படியோரம் துப்பிவிட்டு இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. முனீஸ்வரி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, போனை மடியில் வைத்திருந்தாள். மணி அடித்ததும் எடுத்தாள். பழைய பழக்கத்தில், "செல்வி," என்று சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் என்ன கேட்டதோ, பாண்டிச்செல்வி பதறினாள்.

"அக்கா? யாரு பேசுறது? இந்தக் குரல் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளதுன்னு ஒருத்தி சொல்றாளே? அக்கா, இருக்கியா? ஒனக்கு என்னமும் ஆகிப்போச்சா?"

முனீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். வாயைத் திறந்தால் அந்த இனிப்புக்காரி குறுக்கே வந்துவிடுவாள். தங்கச்சி அழ ஆரம்பித்துவிட்டாள். மாடி, துணி, ரொம்ப உயரமெல்லாம் தெரியவில்லை என்று அவள் சொன்னது எல்லாம் முனீஸ்வரிக்கு ஒரேயடியாக நினைவுக்கு வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், பக்கத்தில் கிடந்த ஜல்லிக்கரண்டியை எடுத்து வடைச்சட்டியின் விளிம்பில் அடித்தாள். டங்.

அழுகை நின்றது. "அக்கா? நீதானா?"

டங்.

"பேச விடமாட்டேங்குறானுகளா?"

டங்.

பாண்டிச்செல்வி மூக்கை உறிஞ்சினாள். அந்தப் பெரிய வீட்டின் ஏசி இரைச்சலுக்கு நடுவே அவள் மெல்லச் சிரித்ததும் கேட்டது. "நாசமாப் போவானுக. சரி விடு. இத்தன வருசம் நீ சொன்ன, நான் ம் கொட்டுனேன். இன்னைக்கு நான் சொல்றேன். நீ கரண்டியால கொட்டு. கொட்டலைன்னா நிறுத்திருவேன், ஆமா."

டங்.

"ஒரு ஊர்ல ஒருத்தி இருந்தாளாம். வெளிநாட்டுல ஒரு வீட்டுல கெழவிக்குப் பீ மூத்திரம் அள்ளிக்கிட்டு இருந்தாளாம்."

முனீஸ்வரி கரண்டியைத் தூக்கியபடியே ஒரு கணம் நின்றாள். பிறகு அடித்தாள்.

"அவ புருஷன் காணாமப் போயிட்டான். ஊரே செத்துட்டான்னுச்சு. போன வாரம் அவகிட்டயிருந்து பணம் வருதுன்னு எப்படியோ மோப்பம் புடிச்சு, வீடியோ கால்ல வந்துட்டான். ராமர்னு பேரு. தலையெல்லாம் நரைச்சுப்போயி. என்னை மன்னிச்சிரு தாயி, நீ வந்துரு, சேந்து இருப்போம்ங்கிறான்."

டங். இந்தத் தடவை சத்தம் சின்னதாகத்தான் வந்தது.

"அவ அவன் மொகத்த நல்லாப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் கழுத்துல கெடந்ததக் கழட்டி, போனுக்கு முன்னாடி காட்டி, குப்பைத் தொட்டியில போட்டுட்டா. ஒங்கிட்டக் குடுக்கணும்னுதான் ஆசை, எட்டலைன்னு சொன்னா. என்னக்கா, எப்படி முடிவு?"

டக்.

இருவருக்கும் நடுவில், லைனுக்குள், அது சுத்தமாகக் கேட்டது. எந்தப் படத்தோடும் பொருந்தவில்லை. உரிமையாளர் இல்லை. கிடங்குக்குள் எடுத்து வைத்தாகிவிட்டது. இன்னும் ஒரு தீபாவளிக்குள் யாராவது ஒரு சிவத்த பொண்ணு அதைக் குப்பையிலிருந்து பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

முனீஸ்வரி எழுந்து நின்று, சட்டி அதிர, கேண்டீன் அதிர, கரண்டியை ஓங்கி அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். படம் ஓடிக்கொண்டிருந்த தியேட்டருக்குள்ளிருந்து ராஜாமணி ஓடிவந்து, என்னம்மா இது, தீப்பிடிச்சிருச்சா என்று கேட்டார்.

"போதும்க்கா, போதும், காது போகுது," என்று போனுக்குள் பாண்டிச்செல்வி சிரித்தாள். "இன்னும் கதை இருக்கு. அடுத்த வாரம் சொல்றேன். அதுவரைக்கும் இரு."